மார்ஸ் மேடையிலிருந்து லூவென் வரை: ஒரு புனைபெயரின் தடத்தில்

நாள் 1: ஏதென்ஸ், மார்ஸ் மேடை

அக்ரோபோலிஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, குன்றின் தெற்குப் பக்கமாக மேற்கு நோக்கி நடந்தால் மேற்கு நுழைவாயிலுக்குச் சற்றுக் கீழே ஒரு மொட்டைப் பாறை நிற்கும். அதுதான் அரியோபாகஸ். தமிழ் வேதாகமத்தில் ‘மார்ஸ் மேடை’. இதற்குச் சீட்டு கிடையாது. பாறையிலேயே வெட்டிய பழைய படிகள் காலடி பட்டுத் தேய்ந்து கண்ணாடி போல் வழுக்கும். பக்கத்தில் இரும்புப் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள், அதில் ஏறுவதே நல்லது. மேலே போனாலும் தளம் சமமில்லை, தடுப்புச் சுவரும் இல்லை. ரப்பர் அடி வைத்த காலணி வேண்டும். சூரியன் மறையும் நேரத்தில் உட்கார இடமிருக்காது. காலையில் போங்கள்.

படிக்கட்டின் அருகே பாறையில் பதித்த வெண்கலப் பலகையில், பவுல் இங்கே ஆற்றிய உரை கிரேக்கத்தில் இருக்கிறது. ‘அறியப்படாத தேவனுக்கு’ என்று எழுதிய பலிபீடத்தைக் கண்டதாகச் சொல்லித் தொடங்கும் உரை. இந்தப் பயணத்துக்கு வேண்டிய வரி அப்போஸ்தலர் நடபடிகள் 17:34. உரை கேட்டு விசுவாசிகளானவர்களில் மார்ஸ் மேடையின் நியாயாதிபதிகளில் ஒருவனான தியொனீசியுவும் தாமரி என்ற பெண்ணும் இருந்தார்கள் என்பது அந்த வரி. இந்த தியொனீசியுவைப் பற்றி புதிய ஏற்பாடு சொல்வது இவ்வளவுதான்.

ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, அவர் பெயரில் வேறு யாரோ எழுதிய ஒரு நூல்தொகுதி வெளிவந்தது. ‘இறைப்பெயர்கள்’ 13 அதிகாரம், ‘மறைஞான இறையியல்’ 5, ‘விண்ணகப் படிநிலை’ 15, ‘திருச்சபைப் படிநிலை’ 7, அவற்றோடு 10 கடிதங்கள். நூல்கள் பவுலின் சீடர் தீமோத்தேயுவை விளித்து எழுதப்பட்டவை. 7ஆம் கடிதம் பொலிக்கார்ப்புக்கு, 9ஆவது தீத்துவுக்கு, 10ஆவது பத்மு தீவில் இருக்கும் யோவானுக்கு. சிலுவைப்பாட்டின்போது சூரியன் இருண்டதை எகிப்தின் ஹீலியோபோலிஸிலிருந்து தானே பார்த்ததாக 7ஆம் கடிதத்தில் வருகிறது. பாஸ்கா விழா முழுநிலவில் வருவது, சூரிய கிரகணமோ அமாவாசையில்தான் நடக்கும். எழுதியவருக்கு அது தெரியும். நேரம் தப்பி நிலா வந்து சூரியனை மறைத்தது என்று அதையே அற்புதமாக்கி எழுதுகிறார். கவனமாகப் புனைந்த கை இது.

இந்தக் கையின் செல்வாக்கு நம் ஊர்வரை வந்திருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்க மன்றாட்டுகளில் பக்திச்சுவாலகர், ஞானாதிக்கர், பத்திராசனர் என்று தொடங்கி அதிதூதர், தூதர் என முடியும் ஒன்பது சம்மனசு (வானதூதர்) சபைகளை வரிசையாகச் சொல்லிப் பழகியவர்கள் உண்டு. அந்தப் பெயர்கள் வேதாகமத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. அவற்றை மும்மூன்றாக அடுக்கி மூன்று தட்டுகளாக நிலைநிறுத்தியது ‘விண்ணகப் படிநிலை’தான். மும்மூன்றாக அடுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நாளை பார்க்கலாம்.

குன்றிலிருந்து இறங்கும்போது வடக்குச் சரிவையும் கவனியுங்கள். அடிவாரத்தில் அரியோபாகஸ் தியொனீசியுவின் பெயரிலான ஆலயத்தின் சிதைவு கிடக்கிறது. அதே சரிவில் பிற்கால ரோமர் காலத்துப் பெரிய வீடுகளை அகழ்ந்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் கிணறுகளுக்குள் தெய்வச் சிலைகளும் தலைச்சிற்பங்களும் பத்திரமாக இறக்கப்பட்டிருந்தன. பின்னால் வந்தவர்கள் அத்தேனாவின் புடைப்புச் சிற்பத்தைத் தலை நீக்கிக் குப்புறப் போட்டுப் படிக்கல்லாக்கியிருந்தார்கள். இவை மெய்யியல் ஆசிரியர்களின் வீடுகளாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. பவுல் பேசிய பாறைக்கும் கடைசி பிளாட்டோனியர்கள் வாழ்ந்த இடங்களுக்கும் இடையே சில நிமிட நடைதான்.

இரவு படிக்க ‘மறைஞான இறையியல்’ ஐந்து அதிகாரங்களும். மொத்தமே சில பக்கங்கள், ஒரு மணி நேரம் போதும். முதல் அதிகாரத்தில் மோசே மலையேறி இருளுக்குள் நுழைகிறார். இரண்டாவதில் சிற்பி வேண்டாததைச் செதுக்கி நீக்கி உருவத்தை வெளிக்கொணர்கிறார். மேலே ஏற ஏறச் சொல் குறையும் என்பது மூன்றாவது. நான்காவது புலன்களால் அறிபவை எல்லாவற்றையும் கடவுளிடமிருந்து மறுக்கிறது, ஐந்தாவது அறிவால் அறிபவை எல்லாவற்றையும். ஐந்தின் முடிவில் மறுப்பையும் மறுத்துவிடுகிறார். இந்த முடிவை நினைவில் வையுங்கள், நாளைக்கு வேண்டும்.

நாள் 2: ஏதென்ஸ், தெற்குச் சரிவு

இன்று பார்க்க வேண்டிய வீடு கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல்தான் நடக்க வேண்டும்.

அக்ரோபோலிஸ் சீட்டு நேரம் குறித்துத் தரப்படுவது, தெற்குச் சரிவும் அதிலேயே அடங்கும். பெரும்பாலோர் மேற்கு வாசலில் நுழைந்து, பார்த்தெனனைப் பார்த்து, அதே வழியில் வெளியேறிவிடுகிறார்கள். நீங்கள் மெட்ரோவுக்கு அருகிலுள்ள தென்கிழக்கு வாசலில் நுழையுங்கள். முதலில் தியோனிசஸ் அரங்கு வரும். அதற்கு மேற்கே, சற்று உயரத்தில் மருத்துவத் தெய்வம் அஸ்கிலேப்பியஸின் கோயில் தளம். அங்கே நின்று தெற்கே கீழே பார்த்தால் மரங்களுக்கு அப்பால் அகலமான நடைபாதைச் சாலை ஒன்று தெரியும். அதன் பெயர் தியோனிசியு அரியோபாகிட்டு. புனைபெயருக்கு உரியவரின் பெயர்தான்.

1955இல் அந்தச் சாலை வேலையின்போது ஒரு பெரிய வீட்டின் பகுதி வெளிப்பட்டது. அரைவட்ட மாடம் வைத்த கூடம், சிபெலே தாய்த்தெய்வத்துக்கான சிறு வழிபாட்டிடம், கழுத்தில் கத்தி செருகியபடி புதைத்த ஒரு பன்றிக்குட்டி. அகழ்ந்ததை மூடிச் சாலை போட்டுவிட்டார்கள். இது பிளாட்டோனிய மெய்யியலாளர் ப்ரோக்லஸின் வீடு என்று அடையாளம் சொல்வதற்கு ஆதாரம் அவருடைய மாணவர் மரினஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு. அஸ்கிலேப்பியஸ் கோயிலுக்குப் பக்கம், தியோனிசஸ் அரங்கை ஒட்டியது, அக்ரோபோலிஸிலிருந்து பார்த்தால் தெரியக்கூடியது என்று மூன்று குறிகளை மரினஸ் தருகிறார். கோயில் தளத்தில் நின்றால் மூன்றும் பொருந்துவதைச் சரிபார்க்கலாம். வீட்டில் ப்ரோக்லஸின் பெயர் பொறித்த கல் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே இதை வலுவான ஊகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ப்ரோக்லஸ் 437 முதல் 485 வரை ஏதென்ஸ் பிளாட்டோனியப் பள்ளியின் தலைவர். பார்த்தெனனிலிருந்து அத்தேனாவின் சிலை அகற்றப்பட்டபோது, ‘ஏதென்ஸின் தலைவி உன்னோடு தங்க விரும்புகிறாள்’ என்று ஒரு பெண் கனவில் வந்து சொன்னதாக மரினஸ் எழுதுகிறார். அஸ்கிலேப்பியஸ் தளத்தில் நின்று மேலேயும் கீழேயும் பார்த்தால் அந்தக் கனவின் தூரம் புரியும். 485 ஏப்ரல் 17இல் அவர் இறந்தார். லிக்காபெட்டஸ் மலைப்பக்கம், ஆசிரியர் சிரியானஸின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மும்மூன்றாக அடுக்கும் பழக்கம் இந்த வீட்டிலிருந்து வந்தது. ப்ரோக்லஸின் ‘இறையியலின் அடிப்படைகள்’ 211 கூற்றுகளால் ஆனது, வடிவியல் நூல்போல் ஒவ்வொன்றுக்கும் நிறுவல் உண்டு. 35ஆம் கூற்றைப் பாருங்கள். விளைவு ஒவ்வொன்றும் தன் காரணத்தில் தங்கியிருக்கிறது, அதிலிருந்து புறப்படுகிறது, அதனிடமே திரும்புகிறது. தங்கல், புறப்படல், திரும்பல். இதை வைத்துக்கொண்டு ‘இறைப்பெயர்கள்’ நூலைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் இந்த மூன்றும் வரும். போதாததற்கு, தன் குரு ஹியரோத்தேயுஸ் எழுதிய நூல் என்று அதன் இரண்டாம் அதிகாரத்தில் ஆசிரியர் குறிப்பிடும் தலைப்பும் ‘இறையியல் அடிப்படைகள்’தான்.

எடுத்தது மட்டுமல்ல, அவர் மாற்றியதும் கவனிக்க வேண்டியது. பிளாட்டோவின் ‘பார்மெனிடிஸ்’ உரையாடலில் ஒன்று என்பதைப் பற்றிய முதல் கருதுகோள் எல்லாவற்றையும் மறுக்கும். அது பெயர் உடையதல்ல, அறியப்படுவதல்ல, இருப்பதும் அல்ல. இரண்டாம் கருதுகோள் எல்லாவற்றையும் ஏற்கும். ப்ரோக்லஸ் இவற்றைப் பிரித்து வைத்தார். மறுப்புகள் உச்சியிலுள்ள ஒன்றுக்கு, ஏற்புகள் அதற்குக் கீழே வரிசையாக நிற்கும் தெய்வங்களுக்கு. நம் ஆசிரியர் கீழ் வரிசைத் தெய்வங்களை நீக்கிவிட்டு, மறுப்பையும் ஏற்பையும் ஒரே கடவுள்மேல் வைக்கிறார். நன்மை, இருப்பு, உயிர், ஞானம் என்று ப்ரோக்லஸிடம் தனித்தனிப் படிகளாக நின்றவை இங்கே ஒரே கடவுளின் பெயர்களாகின்றன. நேற்று இரவு படித்த ஐந்தாம் அதிகாரத்தின் கடைசி வரிகள், மறுப்பையும் தாண்டிச் செல்வது, இந்த மாற்றத்தின் விளைவு. ‘காப்பியடித்தவர்’ என்று இவரைத் தள்ளிவிடுவது பெரிய தவறு. ஒரு முழு மெய்யியல் கட்டடத்தைச் சிதைக்காமல் தளம் மாற்றி வைத்தவர் அவர். பிளாட்டோனியர்களின் ஊரில் பவுலுக்குச் செவிசாய்த்த முதல் அறிவாளியின் பெயரை அதற்குத் தேர்ந்தெடுத்ததும் யோசித்துச் செய்ததே.

நேரம் இருந்தால் பனெபிஸ்திமியு சாலையிலுள்ள கத்தோலிக்கப் பேராலயம், ஸ்கூஃபா தெருவிலுள்ள ஆர்த்தடாக்ஸ் ஆலயம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். இரண்டும் அரியோபாகஸ் தியொனீசியுவுக்கு உரியவை. கிரேக்கத் திருச்சபையில் அவர் விழா அக்டோபர் 3.

நாள் 3: இஸ்தான்புல்

முதலில் விசா. இந்தியக் கடவுச்சீட்டில் வருபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். கிரேக்கத்திலிருந்து துருக்கிக்குப் போனால் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. அடுத்து பாரிஸ் போக மீண்டும் நுழைய வேண்டும். ஆகவே விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேட்க வேண்டும். ஒருமுறை நுழைவு விசா கையிலிருந்தால் பயணம் இஸ்தான்புல்லோடு முடிந்துவிடும். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருப்பவர்களுக்குத் துருக்கி மின்விசா கிடைக்கும்.

சுல்தான்அகமது டிராம் நிறுத்தத்திலிருந்து பழைய குதிரைப்பந்தயத் திடலைக் கடந்து கடலை நோக்கி இறங்கினால் கூச்சுக் அயாசோஃபியா பள்ளிவாசல். முன்பு செர்கியுஸ், பாக்குஸ் என்ற இரு மறைசாட்சிகளின் ஆலயம், பேரரசர் ஜஸ்டினியன் கட்டியது. காலணியைக் கழற்ற வேண்டும், தொழுகை நேரங்களில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். உள்ளே எண்கோணத்தைச் சுற்றி ஓடும் பளிங்குப் பட்டியில் கிரேக்கச் செய்யுள் பொறித்திருக்கிறது. அதில் ஜஸ்டினியனும் தியோடோராவும் வருகிறார்கள், செர்கியுஸ் வருகிறார், பாக்குஸ் இல்லை. மாடிக்கு ஏற அனுமதி இருக்கும்போது அங்கிருந்து எழுத்துகளை வாசிப்பது எளிது.

இந்த ஆலயம் எழுந்தது ஹோர்மிஸ்தாஸ் அரண்மனை வளாகத்தில். 532இல் ஜஸ்டினியன் கூட்டிய ஒரு விவாதம் அந்த அரண்மனையில் நடந்தது. கிறிஸ்துவுக்கு இறை இயல்பு, மனித இயல்பு இரண்டும் உண்டு என்று அறிவித்த கல்செதோன் சங்கத்தை ஏற்காத சிரிய ஆயர்கள் ஒரு பக்கம், ஏற்றவர்கள் மறுபக்கம். ஏற்றவர்களுக்காகப் பேசியவர் எபேசு ஆயர் ஹிபாத்தியஸ். சிரிய ஆயர்கள் தங்களுக்கு ஆதரவாகக் காட்டிய நூல்களில் அரியோபாகஸ் தியொனீசியுவும் இருந்தார். பொதுமேடையில் இந்தப் பெயர் பேசப்பட்டதாக நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு இதுதான். ஹிபாத்தியஸின் பதில் நேரடியானது. இவை உண்மையிலேயே அவருடையவை என்றால் அலெக்சாந்திரியாவின் பழைய ஆயர்களான அத்தனாசியுவுக்கும் சிரிலுக்கும் தெரியாமல் போயிருக்குமா? அவர்கள் ஏன் ஒரு வரிகூட மேற்கோள் காட்டவில்லை?

அன்று காட்டப்பட்ட வேறு சில நூல்களையும் தவறான போதகர் என்று திருச்சபை கண்டித்த அப்போலினாரிஸைச் சேர்ந்தவர்கள் புனைந்தவை என்று அவர் தள்ளினார். அதிலும் அவர் சொன்னது சரி என்று பிற்கால ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் தியொனீசியு விஷயத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஸ்கித்தோபொலிஸ் ஆயர் யோவான் முன்னுரையும் ஓர விளக்கக் குறிப்புகளும் எழுதி, நூல்தொகுதியைக் கல்செதோனுக்கு ஏற்றதாக்கிவிட்டார். பிரதி எடுத்தவர்கள் அந்தக் குறிப்புகளையும் சேர்த்தே எடுத்தார்கள். பின்னால் அவை 7ஆம் நூற்றாண்டு இறையியலாளர் மாக்சிமஸின் குறிப்புகளோடு கலந்து, எல்லாமே மாக்சிமஸ் பெயரில் வழங்கின. விளக்கக் குறிப்புக்கே ஆசிரியர் குழப்பம் வந்துவிட்டது.

சண்டையின் நடுவில் இருந்தது 4ஆம் கடிதம். கிறிஸ்துவிடம் ‘ஒரு புதிய தெய்வ-மனிதச் செயல்’ விளங்கியது என்கிறது அது. 633இல் அலெக்சாந்திரியாவில் அதன் ஆயர் சைரஸ் எழுதிய ஒற்றுமை உடன்படிக்கையில் இந்தத் தொடர் ‘ஒரே தெய்வ-மனிதச் செயல்’ என்று மாறி வந்தது. ஒரு சொல் மாறியதில் கிறிஸ்துவுக்கு எத்தனை செயல்கள், எத்தனை சித்தங்கள் என்று பெரும் பூசல் எழுந்தது. 649 லாத்தரன் சங்கம் அந்தத் திரிபைக் கண்டித்தது. நூல் போலி என்று அப்போது யாரும் சொல்லவில்லை. மேற்கோளைத் திருத்தியதுதான் குற்றமாயிற்று.

இந்த நகரிலேயே 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபோத்தியுஸ் தான் படித்த நூல்களைப் பற்றி ஒரு பெருந்தொகுப்பு எழுதினார். அதன் முதல் பதிவே இந்த விவகாரம். தியொனீசியு நூல்கள் உண்மையானவை என்று வாதாடிய தியோடோர் என்ற குருவின் நூலைப் பற்றியது அது. எதிர்ப்புகள் நான்கையும் ஃபோத்தியுஸ் எண்ணிக் கொடுக்கிறார். பிற்காலத் திருச்சபைத் தந்தையர் ஏன் மேற்கோள் காட்டவில்லை? திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியுஸ் ஏன் குறிப்பிடவில்லை? திருச்சபையில் படிப்படியாக வளர்ந்த மரபுகளை இவர் எப்படி முன்கூட்டியே விவரிக்கிறார்? திராயான் காலத்து மறைசாட்சி இக்னேசியுஸின் கடிதத்தை இவர் எப்படி எடுத்தாள்கிறார்? எதிர்ப்புகளை எழுதிய ஃபோத்தியுஸ், தியோடோர் சொன்ன பதில்களை எழுதவில்லை.

ப்ரோக்லஸோடு உள்ள ஒற்றுமையும் பைசாந்தியர்கள் கண்ணில் பட்டது. ஆனால் திசையைத் திருப்பிவிட்டார்கள். ஏதென்ஸ் மெய்யியலாளர்கள், குறிப்பாக ப்ரோக்லஸ், தியொனீசியுவின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்ற குறிப்பு முன்னுரையோடு சேர்ந்து வழங்குகிறது. இரண்டு நூல்கள் ஒத்துப்போகின்றன என்று காண்பது பாதி வேலைதான். எது எதிலிருந்து வந்தது என்று காட்டுவது மீதி. அதற்கு இன்னும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நாள் 4: சேன்-தெனி

பாரிஸ் மெட்ரோ 13ஆம் தடத்தில் ‘பசிலிக் து சேன்-தெனி’ நிலையம். நடுக்கூடத்தைப் பார்க்கக் கட்டணமில்லை. அரச கல்லறைகள், பீடத்தின் பின்சுற்று, நிலவறை மூன்றுக்கும் சீட்டு வேண்டும். ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும், பிற்பகலில் போங்கள்.

‘தெனி’ என்பது தியொனீசியுவின் பிரெஞ்சு வடிவம். இங்கே தியொனீசியுகளைப் பிரித்துவைத்துக் கொள்ளாவிட்டால் எதுவும் விளங்காது. முதலாமவர் பவுல் காலத்து ஏதென்ஸ்காரர். இரண்டாமவர் கொரிந்து ஆயர், 2ஆம் நூற்றாண்டு. மூன்றாமவர் பாரிஸின் ஆயர், 3ஆம் நூற்றாண்டு மறைசாட்சி. தலை வெட்டுண்டபின் அதைக் கையில் ஏந்தி மோன்மார்த்தரிலிருந்து இங்கே நடந்து வந்ததாகக் கதை இவருக்குத்தான். நான்காமவர் 500ஐ ஒட்டி எழுதிய, பெயர் தெரியாத நம் ஆசிரியர்.

827இல் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் மைக்கேல், பிராங்கியப் பேரரசர் பக்தர் லூயிக்கு இந்த நூல்களின் கிரேக்கப் பிரதி ஒன்றை அனுப்பினார். அது மடத்துக்கு வந்து சேர்ந்தது சேன்-தெனி விழாவுக்கு முந்தின இரவு. அன்றிரவு 19 பேர் குணமடைந்ததாக மடாதிபதி ஹில்டுயின் எழுதுகிறார். அவர் நூல்களை லத்தீனுக்கு மாற்றியதோடு, முதலாமவர், மூன்றாமவர், நான்காமவர் மூவரையும் ஒருவராக்கி ஒரு வரலாறும் எழுதினார். பிரெஞ்சு அரசர்களின் கல்லறை மடத்துக்கு அப்போஸ்தலர் காலத்து மெய்யியலாளர் ஒருவர் காவலராகக் கிடைத்தார். அதன்பின் அதைக் கேள்வி கேட்பது அரசையே தொட்ட மாதிரி.

12ஆம் நூற்றாண்டில் மெய்யியலாளர் அபெலார் இங்கே துறவியாக இருந்தபோது பழைய ஆங்கிலேய அறிஞர் பீடின் நூலில் ஒரு வரியைப் பார்த்தார். அரியோபாகஸ் தியொனீசியு கொரிந்தின் ஆயர் என்கிறது அது. ஹில்டுயின் சொல்வதோ ஏதென்ஸின் ஆயர். இதை அவர் சக துறவிகளிடம் காட்டியதும் மடமே கொந்தளித்தது, இரவோடிரவாகத் தப்பிப் போக வேண்டியதாயிற்று. உண்மையில் இந்த இடத்தில் தவறியவர் பீட்தான், முதலாமவரையும் இரண்டாமவரையும் கலந்துவிட்டார். அபெலார் பிடித்த நூல்முனை தவறானது, ஆனால் இரு ஏடுகளைப் பக்கத்தில் வைத்து முரணைக் காட்டிய அவர் முறை சரி.

கட்டடத்தைப் பார்க்கும்போது ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். மடாதிபதி சூஜே கட்டியது மேற்கு முகப்பு (1140), பீடத்தைச் சுற்றிய இரட்டைச் சுற்றுப்பாதை, அதைச் சூழ்ந்த சிறுபீடங்கள் (1144 ஜூன் 11இல் நேர்ந்தளிப்பு). தலைக்கு மேலே வானளாவ நிற்கும் பெரிய சன்னல்கள் 1231க்குப் பிறகு கட்டியவை. மேலே பார்த்து ‘சூஜேயின் ஒளி’ என்று படம் எடுத்தால் நூற்றாண்டு தவறிவிடும். மெல்லிய தூண்கள் வழியாகச் சிறுபீடங்களின் சன்னல் வெளிச்சம் சுற்றுப்பாதையில் விழுகிறதே, அதுதான் அவருடையது. 12ஆம் நூற்றாண்டுக் கண்ணாடியில் மிஞ்சியது சொற்பம்.

சூஜே தியொனீசியுவின் ஒளிக் கோட்பாட்டைக் கல்லில் வடித்தார் என்பது 1946இல் கலை வரலாற்றாசிரியர் பனோஃப்ஸ்கி எழுதியதிலிருந்து பரவிய கருத்து. 1987இல் பீட்டர் கிட்சன் அதை மறுத்தார். சூஜேயின் எழுத்தில் அந்த நூல்களை ஆழ்ந்து படித்த தடம் இல்லை என்பது அவர் வாதம். என் எண்ணம் கிட்சன் பக்கம் சாய்கிறது. பொருளிலிருந்து பொருள் கடந்ததற்கு ஏறுவது பற்றி வாசலில் சூஜே பொறித்த செய்யுள் வழிபாட்டு மரபிலேயே கிடைக்கக்கூடியது. நூலகத்தில் ஒரு நூல் இருந்தது என்பதால் மட்டும் கட்டியவர் அதைப் படித்தார் என்று ஆகிவிடாது.

நாள் 5: பாரிஸ், ரிஷல்யூ தெரு, லூவ்ர்

827இல் வந்த அதே பிரதி இன்று பிரான்ஸ் தேசிய நூலகத்தில் ‘கிரேக்கம் 437’. ரிஷல்யூ கட்டடத்துக்குப் போனால் அதைக் கையில் தரமாட்டார்கள். காலிக்கா இணையதளத்தில் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது, அறையில் உட்கார்ந்தே பாருங்கள். எல்லாம் பேரெழுத்து, சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. ஹில்டுயினின் லத்தீன் ஏன் அவ்வளவு கரடுமுரடு என்பது இதைப் பார்த்தால் புரியும். ஒருவர் உரக்க வாசிக்க, ஒருவர் வாய்மொழியாக மாற்ற, இன்னொருவர் எழுதிய வேலை அது என்று 1930களில் ஆய்வாளர் தேரி காட்டினார். அன்றைய கிரேக்க உச்சரிப்பில் பல உயிரெழுத்துகள் ஒரே ‘இ’ ஒலியாகிவிட்டன. வாசிப்பவர் சொல்லைத் தவறான இடத்தில் வெட்டினாலோ, கேட்டவர் வேறு எழுத்தாகக் கொண்டாலோ வாக்கியம் போய்விடும். 862ஐ ஒட்டி அயர்லாந்துக்காரர் எரியுஜீனா மீண்டும் மொழிபெயர்த்தார். ஐரோப்பா படித்தது அதைத்தான்.

லூவ்ரில் இன்னொரு பிரதி இருக்கிறது. பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் மானுவேல் 1408இல் தன் தூதர் கிரிசோலோராஸ் கையில் சேன்-தெனி மடத்துக்கு அனுப்பியது. முன்பக்க ஓவியத்தில் பேரரசரும் பேரரசி ஹெலெனாவும் மகன்களும் நிற்கிறார்கள். எப்போதும் காட்சியில் இருக்காது, போகும்முன் அருங்காட்சியக இணையதளத்தில் பாருங்கள்.

நாள் 6: லூவென்

பாரிஸிலிருந்து ரயிலில் பிரஸ்ஸல்ஸ், அங்கே மாறி லூவென். பார்க் மடம் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், குளங்களுக்கு நடுவே இருக்கிறது. 1504இல் எராஸ்மஸ் இதன் நூலகத்தில் இத்தாலிய அறிஞர் லோரென்சோ வல்லாவின் புதிய ஏற்பாட்டுக் குறிப்புகளைக் கண்டெடுத்தார், 1505இல் பாரிஸில் அச்சிட்டார். நடபடிகள் 17க்கு வல்லா எழுதியது கூர்மையானது. அரியோபாகஸ் நீதிமன்றம், மெய்யியல் பள்ளி அல்ல. திருத்தந்தை பெரிய கிரிகோரிக்கு முன் லத்தீனிலோ கிரேக்கத்திலோ எந்தத் தந்தையும் இந்த நூல்களைக் குறிப்பிடவில்லை. ஹிபாத்தியஸ் 532இல் கேட்ட கேள்விதான். இம்முறை அச்சு இருந்தது, கேள்வியை அடக்க முடியவில்லை. லண்டனில் இந்நூல்களைப் பற்றி விரிவுரை தொடங்கிய ஆங்கிலேய அறிஞர் குரோசின், பாதி வழியில் தன் கருத்தை மாற்றிக்கொண்டு அதை மாணவர் முன் சொன்னார் என்று எராஸ்மஸ் எழுதியிருக்கிறார். அறிஞருக்கு அழகு அதுதான்.

மௌனத்தை வைத்து மட்டும் வாதாடினால் ‘தொலைந்து கிடந்தது, பிறகு கிடைத்தது’ என்று தப்பிவிடலாம். முடிவு கட்டியது 1895. ஹூகோ கோக், யேசுசபைக் குரு யோசெஃப் ஸ்டிக்ல்மாயர் இருவரும் தனித்தனியே ஒரே இடத்தைப் பிடித்தார்கள். ‘இறைப்பெயர்கள்’ 4ஆம் அதிகாரத்தில் தீமை பற்றிய பகுதி, 18 முதல் 35 வரை. ப்ரோக்லஸின் ‘தீமைகளின் இருப்பு’ நூலோடு அதை வைத்தார்கள்.

இதை நீங்களே செய்யலாம். ப்ரோக்லஸ் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2003இல் வந்தது. செய்தவர்களான யான் ஓப்சோமர், கார்லோஸ் ஸ்டீல் இருவரும் இந்த லூவென் பல்கலைக்கழகத்துக்காரர்கள். இரண்டு நூலையும் திறந்து, தீமை எதில் இருக்கிறது என்று தேடும் வரிசையை மட்டும் முதலில் தாளில் எழுதுங்கள். ப்ரோக்லஸ்: தெய்வங்கள், தூதர்கள், தெய்மோன்கள் (ஆவிகள்), வீரர்கள் (கிரேக்கப் புராண நாயகர்கள்), ஆன்மாக்கள், விலங்குகள், இயற்கை, உடல், பருப்பொருள். தியொனீசியு: கடவுள், தூதர்கள், தெய்மோன்கள், ஆன்மாக்கள், விலங்குகள், இயற்கை, உடல், பருப்பொருள். வீரர்கள் மட்டும் விடுபடுகிறார்கள், கிறிஸ்தவத்தில் அவர்களுக்கு இடமில்லை. அடுத்து முடிவைப் பாருங்கள். தீமைக்குத் தனி இருப்பு இல்லை, நல்லதை ஒட்டிக்கொண்டு நிற்கும் பக்க இருப்புதான் என்பது இருவரிடமும் ஒரே கலைச்சொல்லில் வருகிறது.

இப்போது திசை. ப்ரோக்லஸ் இந்த வாதத்தை எழுதியதற்குக் காரணம் உண்டு. பருப்பொருளே தீமை என்ற, தனக்கு முந்தைய பிளாட்டோனியர் பிளாட்டினஸின் கருத்தோடு அவர் மோதுகிறார், ஒவ்வொரு படியிலும் எதிர்வாதம் வைத்து விடை சொல்கிறார். தியொனீசியுவிடம் அந்த எதிராளி இல்லை, விடைகள் மட்டும் சுருங்கி, சில இடங்களில் இணைப்பு அறுந்து நிற்கின்றன. கேள்வி இல்லாத விடையைப் பார்த்தால் எது மூலம் என்பது தெரிந்துவிடும். ஆசிரியர் ப்ரோக்லஸைப் படித்தவர். ஆகவே முதல் நூற்றாண்டு மனிதர் அல்ல.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ப்ரோக்லஸ் நூலின் கிரேக்க மூலம் முழுதாகக் கிடைக்கவில்லை. 1280இல் கொரிந்தின் பேராயராக இருந்த மோர்பேக்க வில்லியம் செய்த லத்தீன் மொழிபெயர்ப்புதான் முழு நூலாக நம்மிடம் உள்ளது. அவர் சொல்லுக்குச் சொல் மாற்றுபவர், அதனாலேயே லத்தீனுக்குப் பின்னாலுள்ள கிரேக்கச் சொல்லைக் கண்டுபிடிக்க முடிகிறது. இன்று மூலத்தின் கிரேக்கச் சொற்களை மீட்கும்போது, கடன் வாங்கிய தியொனீசியுவின் வரிகளும் சாட்சியாக உதவுகின்றன.

காலத்தை இரு பக்கமும் நெருக்கலாம். ‘திருச்சபைப் படிநிலை’ 3ஆம் அதிகாரம் திருப்பலியில் விசுவாசப் பிரமாணம் சொல்வதைக் குறிக்கிறது. அந்த வழக்கம் 476ஐ ஒட்டி அந்தியோக்கியாவில் தொடங்கியது. மறுபக்கம், அந்தியோக்கியாவின் ஆயர் செவேரஸ் 518க்கும் 528க்கும் இடையே இவரை மேற்கோள் காட்டுகிறார். 536இல் இறந்த ரேஷ்ஐனா செர்கியுஸ் நூல்தொகுதியைச் சிரியாக் மொழிக்கு மாற்றிவிட்டார். வழிபாட்டு விவரங்கள் சிரியப் பகுதியைக் காட்டுகின்றன.

பெயரைத் தேடும் வேலை இன்னும் நிற்கவில்லை. 1969இல் ஹாத்தவே பட்டியலிட்டபோதே 22 பேர் முன்மொழியப்பட்டிருந்தார்கள். புதிதாக ஒரு பெயர் வந்தால் மூன்றைச் சோதியுங்கள். அவர் ப்ரோக்லஸை நேரடியாகப் படித்திருக்க முடியுமா? சிரிய வழிபாட்டை உள்ளிருந்து அறிந்தவரா? கல்செதோன் சண்டையின் சொற்களைத் தவிர்த்து எழுதக் காரணம் உள்ளவரா? ஸ்டிக்ல்மாயர் 1928இல் செவேரஸையே முன்வைத்தார். தானே எழுதியதைப் பழைய அதிகாரமாக செவேரஸ் மேற்கோள் காட்டினார் என்று கொள்ள வேண்டியிருக்கிறது, நிற்கவில்லை. 1942இல் நுட்சுபிட்சே, 1952இல் ஹோனிக்மன் முன்வைத்தவர் ஜார்ஜிய ஆயர் ஐபீரிய பேதுரு. இடமும் காலமும் ஓரளவு பொருந்தினாலும் அவர் கையால் எழுதிய எதுவும் ஒப்பிடக் கிடைக்கவில்லை. 2006இல் மத்ஸூக்கி, ஏதென்ஸ் பள்ளியின் கடைசித் தலைவர் தமாஸ்கியுஸ் என்றார். முதல் சோதனையில் முழு மதிப்பெண். இரண்டாவதில் விழுந்துவிடுகிறார், ‘திருச்சபைப் படிநிலை’யில் திருத்தைலம் நேர்ந்தளிப்பதையும் துறவிக்கு முடி கத்தரிப்பதையும் அத்தனை அக்கறையோடு எழுதியவர் அந்தச் சடங்குகளில் நின்று பழகியவராகவே தெரிகிறார்.